1962 ஷாஸ்டா ட்ரெய்லருக்கு ஏசி: கூரையில் ஏற்றுவதா, ஐஸ்பெட்டி இடத்தில் ஜன்னல் ஏசியா?

தகரப்பெட்டி62

எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் 1962 ஷாஸ்டா ஏர்ஃபிளைட் இருக்கிறது, காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் 16 அடி பழைய அமெரிக்க வீட்டு வண்டி. டெக்சாஸில் சான் அன்டோனியோவில் நிற்கிறது. இடப்பக்கத் தகட்டைக் கழற்றி மக்கின ரீப்பரையெல்லாம் மாற்றிக்கொண்டிருக்கிறேன். தகட்டை மூடிவிட்டால் மறுபடி திறக்க மனசு வராது. அதனால் ஏசியை எங்கே வைப்பது என்று இப்போதே முடிவு பண்ண வேண்டும்.

அளவுகள்: உள்ளே 14 அடி நீளம், ஆறரை அடி அகலம், சராசரி உயரம் ஆறேகால் அடி. சுவரும் கூரையும் முக்கால் அங்குலத்துக்கு ஒன்றரை அங்குல ரீப்பர்தான். பழைய கண்ணாடிப் பஞ்சை எடுத்தாகிவிட்டது, இன்னும் எதுவும் திணிக்கவில்லை. எல்லாம் பட்டைப் பட்டையாகத் திறக்கும் ஜலூசி ஜன்னல், மொத்தம் 40 சதுர அடி வரும். கூரையில் 14 அங்குல வென்ட் ஓட்டை ஒன்று ஏற்கனவே உண்டு. கரண்ட் பழைய 15 ஆம்ப், இரண்டு கம்பி வயர், எர்த் கிடையாது. மொத்த எடை 2,100 பவுண்டு. சமையல் மேடைக்குப் பக்கத்தில், இடப்பக்கச் சுவரை ஒட்டி, ஐஸ்பெட்டி இருந்த இடம் காலியாக இருக்கிறது.

கேட்க வேண்டியது இதுதான். அந்த வென்ட் ஓட்டையிலேயே 13,500 பிடியு கூரை ஏசி வைத்தால் கூரை தாங்குமா? ஐஸ்பெட்டி இடத்தில் சாதாரண ஜன்னல் ஏசி வைத்தவர்கள் பலர் "அரை மணி நேரத்தில் நின்றுவிடுகிறது" என்கிறார்கள், அது ஏன்? எத்தனை பிடியு வேண்டும்? சக்கரம் வைத்த போர்ட்டபிள் ஏசியோடு முடித்துக்கொள்ளலாமா?

அளவுநாடா

நண்பரே, முதலில் பிடியு கணக்கு, அதாவது மணிக்கு எவ்வளவு வெப்பத்தை ஏசி வெளியே எடுக்க வேண்டும் என்பது. அது தெரியாமல் மற்ற எதையும் முடிவு செய்ய முடியாது. நம் ஊரில் "ஒரு டன்" என்கிறோமே, அது 12,000 பிடியு.

வெளியே 105 டிகிரி ஃபாரன்ஹீட், உள்ளே 78 வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 27. பழைய ஒரு அங்குலப் பஞ்சுக்கு, இடையில் வரும் ரீப்பரையும் சேர்த்து, ஆர்-4 என்று எடுக்கிறேன் (ஆர் என்பது வெப்பத்தைத் தடுக்கும் அளவு, எண் கூடினால் தடுப்பும் கூடும்). கூரை 91 சதுர அடி. வெயிலில் காயும் பழைய தகடு 140 டிகிரியைத் தொடும், ஆக அதன் வழியாக மணிக்கு சுமார் 1,400 பிடியு இறங்கும். சுவர்கள் சுமார் 1,900. தரை 600. ஒற்றைக் கண்ணாடி ஜன்னல் வழியாகக் கடத்தலில் 1,200. அந்தக் கண்ணாடியில் பாதிக்கு நேர் வெயில் பட்டால் அது மட்டும் தனியாக 3,000. ஜலூசி எவ்வளவு இறுக்கி மூடினாலும் காற்று விடும், அதற்கு 1,100. இரண்டு பேர் உடம்புச் சூடு 900. கூட்டினால் 10,000 சொச்சம்.

இப்போது ரீப்பர் இடைவெளியில் ஒன்றரை அங்குல பாலிஐசோ (வெப்பம் தடுக்கும் கெட்டி ஃபோம்) பலகையை வெட்டித் திணியுங்கள். பலகை ஆர்-9, ரீப்பரோடு சேர்த்துப் பார்த்தால் 7 என்று வரும். ஜன்னலுக்கு உள்ளே ரிஃப்ளெக்டிக்ஸ் (பளபளக்கும் ஃபாயில் விரிப்பு) வெட்டி வையுங்கள், வெயில் பக்கம் ஆனிங் (துணிப் பந்தல்) போடுங்கள். அதே கணக்கு 6,500-க்கு இறங்கிவிடும். கூரைக்கு வெள்ளை பெயின்ட் அடித்தால் இன்னும் கொஞ்சம் குறையும்.

ஆகவே 8,000 பிடியு போதும். 13,500 வைத்தால் இன்னும் நன்றாகக் குளிருமே என்று தோன்றும், ஆனால் உள்ளே இருப்பதே 570 கன அடி காற்று. பெரிய ஏசி ஐந்து நிமிடத்தில் தெர்மோஸ்டாட்டைத் திருப்திப்படுத்திவிட்டு நின்றுவிடும். அந்த ஐந்து நிமிடத்தில் காயிலில் படிந்த ஈரம் சொட்டி வெளியே போகக்கூட நேரம் இராது, மீண்டும் உள்ளேயே ஆவியாகும். 72 டிகிரியில் மெத்தை நசநசவென்று இருக்கும்.

போர்ட்டபிளை மறந்துவிடுங்கள். ஒற்றைக் குழாய் உள்ளது நிமிடத்துக்கு 200 கன அடி காற்றை வெளியே தள்ளினால், மூன்று நிமிடத்தில் உங்கள் வண்டியின் மொத்தக் காற்றும் வெளியே போய், அதே அளவு அனல் ஜலூசி இடுக்கு வழியாக உள்ளே வரும். அதோடு, புகைபோக்கி சரியில்லாத பழைய கேஸ் அடுப்போ ஹீட்டரோ எரிந்துகொண்டிருந்தால் புகை வெளியேறாமல் உள்ளே இழுக்கப்படும். கார்பன் மோனாக்சைடு விஷயத்தில் விளையாட்டு வேண்டாம்.

கூரைமேல்

கூரை ஏசியே கூடாதுன்னு சொல்ல மாட்டேன். ஆனா இப்ப இருக்கிற கூரை தாங்காது.

13,500 பிடியு கூரை ஏசி 75-லிருந்து 100 பவுண்டு வரை இருக்கும். சும்மா நிக்கும்போது 90 பவுண்டு, ரோட்டுல ஒரு பள்ளத்துல விழுந்தா அதுவே மூணு மடங்கு அடி அடிக்கும். உங்க கைமரம் ஆறரை அடி அகலத்துக்கு நடுவுல எந்தத் தாங்கலும் இல்லாம நிக்கிற ஒன்றரை அங்குல ரீப்பர். முதல் வருஷமே கால் அங்குலம் தொய்யும். தொய்ஞ்ச இடத்துல தண்ணி தேங்கும். ஷாஸ்டா கூரைத் தகடு ஒரே தகடு கிடையாது, குறுக்கே மடிச்சு மாட்டின தையல் உண்டு. தேங்கின தண்ணி நேரா அந்த மடிப்புல இறங்கும். நீங்க இப்ப மாத்துற ரீப்பர் மறுபடி மக்கும்.

வைச்சே தீரணும்னா இப்படி: வென்ட் ஓட்டை பதினாலே கால் அங்குலச் சதுரம் இருக்கணும். அதுக்கு முன்னாலயும் பின்னாலயும் இருக்கிற கைமரம் ரெண்டுக்கும், இரு பக்கமும் முக்கால் அங்குல ப்ளைவுட்டை இரண்டரை அங்குல உயரத்துல அதே வளைவுக்கு அறுத்து, பசை போட்டு ஸ்க்ரூ பண்ணணும். ஓட்டையைச் சுத்தி மட்டும் போட்டா பிரயோஜனமில்லை, சுவருக்குச் சுவர் முழு நீளம் போகணும். அந்தப் பாரம் தரைக்கு இறங்கணும், அதனால ஒரு பக்கம் துணி அலமாரி, இன்னொரு பக்கம் சமையல் மேடைத் தடுப்பு ரெண்டையும் அரை அங்குல ப்ளைவுட்ல கட்டி கைமரத்தோட சேர்த்து ஒட்டணும். ஓட்டையோட நாலு பக்கமும் முழுக் கட்டை. நடுவுல வெற்றிடம் விட்டா போல்ட் இறுக்கும்போது சீலிங் நசுங்கும்.

இறுக்கும்போது அடியில இருக்கிற ஒரு அங்குல கேஸ்கெட் பாதியா அமுங்கினா போதும். நாலு போல்ட்டையும் கொஞ்சம் கொஞ்சமா மாத்தி மாத்தி இறுக்குங்க. "லீக் ஆயிடுமோ"ன்னு பயந்து அதுக்கு மேல இறுக்கினா தகடு நெளிஞ்சு அதனாலேயே லீக் ஆகும். கேஸ்கெட்டுக்கு அடியில எந்த சீலன்ட்டும் வேண்டாம். சிலிக்கானை இந்த வண்டி பக்கமே கொண்டு வராதீங்க. ஒரு தடவை தடவிட்டா அதுக்கப்புறம் அந்த அலுமினியத்துல வேற எதுவும் ஒட்டாது.

2,100 பவுண்டு வண்டிக்கு உச்சியில 90 பவுண்டுங்கிறது பக்கக் காத்துல தெரியும். பழைய ஷாஸ்டாவோட அந்த வளைவுக்கு மேல வெள்ளை பிளாஸ்டிக் பெட்டி எப்படி இருக்கும்னு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வென்ட்டை வென்ட்டாவே விடுங்க. ராத்திரி குளிர்ந்த பிறகு ஒரு 12 வோல்ட் ஃபேன் போட்டா அதுவே போதும்.

ஸ்பானர்

ஐஸ்பெட்டி இடம் நல்ல இடம். அமெரிக்க கேம்ப்சைட்ல மேஜை நாற்காலி எல்லாம் வலப்பக்கம், கரண்ட் தண்ணி இணைப்பு இடப்பக்கம். அனலையும் சத்தத்தையும் இடப்பக்கம் தள்ளிட்டா யாருக்கும் தொந்தரவு இல்லை.

அரை மணி நேரத்துல நிக்கிறதுக்குக் காரணம் காத்துப் போக்கு. பத்துல ஒன்பது பேர் இதைத்தான் கோட்டை விடுறாங்க. ஜன்னல் ஏசியோட பின்பக்கத்தைச் சுவர்ல ஓட்டை போட்டு வெளியே காட்டிட்டா வேலை முடிஞ்சுதுன்னு நினைக்கிறாங்க. ஆனா பின்பக்கம் காத்து *வெளியே போற* வழி. *உள்ளே எடுக்கிற* வழி பக்கவாட்டு உறையில இருக்கிற கீறல்கள். சில மாடல்ல மேலேயும் இருக்கும். அலமாரிக்குள்ள வைச்சா அந்தக் கீறல் எல்லாம் அலமாரிக்குள்ளேயே மாட்டிக்கும். ஏசி உங்க அறைக் குளிர்காத்தையே எடுத்து வெளியே தள்ளும், இல்லேன்னா தான் விட்ட அனலையே திரும்ப இழுக்கும். வெளியே 102, அது கூட 20 டிகிரி சேர்ந்தா கண்டென்சருக்கு (அனலை வெளியே விடுற பின் காயிலுக்கு) 122. இந்த ஏசியெல்லாம் பொதுவா 115 வரைக்கும்தான் தாக்குப்பிடிக்கும். கம்ப்ரசர் தலையில காசு அளவுக்கு ஒரு ஓவர்லோட் தட்டு இருக்கும், சூடு ஏறினா அது பட்டுனு துண்டிச்சிரும். பத்து பதினஞ்சு நிமிஷம் ஆறி, திரும்ப ஓடி, திரும்ப நிக்கும். ஏசி கெட்டுப்போச்சுன்னு புதுசு வாங்கி அதே பொந்துல வைப்பாங்க. அதுவும் நிக்கும்.

அதனால ஏசி உடம்புல ஒரு கோடு போட்டுக்குங்க. கீறல் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, முகப்புக்குப் பின்னாடி. பெரும்பாலும் முகப்புல இருந்து ஆறு எட்டு அங்குலம் தள்ளித்தான் கீறல் ஆரம்பிக்கும், வாங்குறதுக்கு முன்னாடி டேப் வச்சுப் பாருங்க. அந்தக் கோட்டுக்கு முன்னாடி எல்லாம் வீடு, பின்னாடி எல்லாம் வெளி. அந்த இடத்துல ஏசியைச் சுத்தி அரை அங்குல ப்ளைவுட் சட்டம் ஒண்ணு, அதுக்கும் ஏசிக்கும் நடுவுல ஒரு அங்குல மூடிய-செல் ஃபோம் பட்டை, அரை அங்குலத்துக்கு அமுங்குற மாதிரி. ஊதுவத்தி புகை உள்ளே வரக்கூடாது, அந்த அளவுக்கு அடைப்பு வேணும். சமையல் கேஸ் காத்தை விட கனம், தரை ஓட்டை வழியா எது வந்தாலும் வெளிப்பகுதியோட நிக்கணும்.

கோட்டுக்குப் பின்னாடி ஒரு பெட்டி. உள்பக்கம் அலுமினியத் தகடு, வெளிப்பக்கம் ஃபாயில் ஒட்டின அரை அங்குல ஃபோம் பலகை, மூலையெல்லாம் ஃபாயில் டேப். இந்தப் பெட்டிக்குள்ளேயே ரெண்டு பாதை பிரியணும். ஏசியோட பின் காயில் சுமார் 16-க்கு 11 அங்குலம் இருக்கும், சுவர் ஓட்டை அதை விடச் சின்னதா இருக்கவே கூடாது. கிரில் கம்பி மூணுல ஒரு பங்கு வழியை அடைச்சிரும்னு கணக்குப் போட்டுப் பெரிசாவே வெட்டுங்க. காயில் ஓரத்தைச் சுத்தி ஃபோம் காலர் ஒட்டி, கிரில்லோட அழுத்தி வையுங்க. அப்பதான் அனல் முழுக்க வெளியே போகும், பெட்டிக்குள்ள திரும்பாது. எடுக்கிற காத்துக்குத் தரையில ரெண்டு ஓட்டை, ஒவ்வொண்ணும் 6-க்கு 12 அங்குலம், ஏசிக்கு ரெண்டு பக்கமும். மொத்தம் 144 சதுர அங்குலம். வண்டிக்கு அடியில எப்பவும் நிழல், அதனால கொஞ்சம் குளிர்ந்த காத்தே கிடைக்கும். கால் அங்குல கம்பி வலை அடிச்சிருங்க, இல்லேன்னா எலி குடியேறும். சக்கரத்துக்குப் பின்னாடி ஓட்டை போட்டா டயர் வாரி அடிக்கிற சேறும் ஜல்லியும் நேரா காயில்ல ஏறும். சக்கரத்துக்கு முன்னாடி போடுங்க.

பக்கக் கீறலே இல்லாம, எடுக்கிறது விடுறது ரெண்டும் பின்பக்கத்துலயே நடக்கிற சுவர் ஏசியும் கிடைக்குது, உறையோட வரும். காத்துப் பிரச்சினை பாதி தீரும். ஆனா 26 அங்குல அகலம், எடையும் கூட. ஐஸ்பெட்டி பொந்துல நுழையாது.

தண்ணி: இந்த ஏசிகள்ல அடித்தட்டுல தேங்குற தண்ணியை ஃபேன் வளையம் வாரி காயில் மேல அடிக்கும், அது குளிர்ச்சிக்கு நல்லது. சான் அன்டோனியோ புழுக்கத்துக்கு அது போக மிச்சம் வழியும். ஏசிக்கு அடியில முக்கால் அங்குல விளிம்பு மடிச்ச அலுமினிய டிரே, பின் மூலையில அரை அங்குலக் குழாய் தரை வழியா கீழே. ரசமட்டம் வச்சு, முன்னாடியிலிருந்து பின்னாடி கால் அங்குலம் வாட்டம். வண்டியை லெவல் பண்ணிட்டு வாட்டம் பாருங்க, முற்றத்துல ஜாக் மேல சாய்ஞ்சு நிக்கும்போது பாத்து ஏமாறாதீங்க. கிளம்புறதுக்கு முன்னாடி அடித்தட்டைக் காலி பண்ணணும். பண்ணலேன்னா முதல் பிரேக்குல அந்தத் தண்ணி முழுக்க முன்னாடி பாய்ஞ்சு ஏசியோட கன்ட்ரோல் போர்டுல விழும்.

பிடிமானம்: அடித்தட்டுல கண்ணை மூடிட்டு துளை போடாதீங்க. தட்டுக்கு ஒரு விரல் மேல ஏசி கேஸ் குழாய் ஓடும். உறையோட கீழ் ஓரத்துல எல் ஆங்கிள் வச்சு, 8-ம் நம்பர் ஸ்க்ரூ, முக்கால் அங்குலத்துல பாதி நீளம் தாண்டாம. ஆங்கிளை முக்கால் ப்ளைவுட் தட்டுல போல்ட் பண்ணுங்க, நடுவுல ரப்பர். முகப்புல நாலு ஸ்க்ரூ கழட்டினா ஏசி உள்பக்கமா உருவி வர மாதிரி செய்யுங்க. வருஷம் ஒரு தடவை காயில் கழுவியே ஆகணும்.

வயர்மேன்

மேலே எல்லோரும் ஏசியைப் பற்றிப் பேசியாகிவிட்டது. எனக்கு அந்த "இரண்டு கம்பி, எர்த் கிடையாது" என்ற வரிதான் கண்ணில் உறுத்துகிறது. அந்த வயரில் ஏசி மாட்டாதீர்கள் சார். சுவர் திறந்திருக்கும்போதே முழுக்க உருவி எறியுங்கள்.

8,000 பிடியு ஜன்னல் ஏசி 650-700 வாட், ஆறு ஆம்ப் அளவில் ஓடும். 13,500 கூரை ஏசி 13 ஆம்ப் வரை இழுக்கும், கம்ப்ரசர் கிளம்பும் அந்த நொடியில் 50, 60 ஆம்ப். எதை வைத்தாலும் ஏசிக்குத் தனி 20 ஆம்ப் பிரேக்கர், 12 கேஜ் வயர் (கேஜ் எண் குறைந்தால் கம்பி தடிமன்), வேறு எதுவும் அதில் சேரக்கூடாது. இன்று சின்ன ஏசி வைத்தாலும் வயர் இதுவே போகட்டும், பிறகு சுவரைப் பிரிக்க முடியாது. வெளியே 30 ஆம்ப் இன்லெட், அங்கிருந்து பேனலுக்கு 10 கேஜ், பேனலில் 30 ஆம்ப் மெயின். டெக்சாஸ் ஸ்டேட் பார்க்குகளின் கரண்ட் இடங்களில் 30 ஆம்ப் பிளக் சாதாரணமாகக் கிடைக்கும்.

ஒன்றரை அங்குலச் சுவரில் வயர் எங்கே ஓடினாலும் ஸ்க்ரூ எட்டும் தூரம்தான். ரீப்பரைத் துளைத்து வயர் போகும் ஒவ்வொரு இடத்திலும் எஃகுத் தட்டு அடியுங்கள், வெளிப்பக்கம் உள்பக்கம் இரண்டிலும். தகட்டைத் திரும்ப மாட்டும்போது ஓரப் பட்டை ஸ்க்ரூ ஒன்று பேஸ் வயரில் இறங்கினால் முழு வண்டியும் லைவ்.

ட்ரெய்லர் பேனலில் நியூட்ரலும் எர்த்தும் சேரவே கூடாது. வீட்டு மெயின் பேனலில் இரண்டையும் இணைக்கும் பச்சை ஸ்க்ரூ உண்டு, அதே பழக்கத்தில் இங்கேயும் முறுக்கிவிடுவார்கள். அப்படிச் செய்தால் திரும்பிப் போகும் கரண்ட் சேசிஸ் வழியாகவும் ஓடும். எர்த் பாரிலிருந்து இரும்புச் சேசிஸுக்கு 8 கேஜ் செம்புக் கம்பி கொடுங்கள். மரச்சட்ட வண்டிகளில் ஒரு விஷயம் பலர் யோசிப்பதில்லை: அலுமினியத் தகடு மரத்தின் மேல் நிற்கிறது, சேசிஸைத் தொடுவதே இல்லை. சேசிஸை எர்த் செய்தால் தகடும் எர்த் ஆகிவிடாது. சேசிஸிலிருந்து தகட்டுக்குத் தனியாக ஒரு இணைப்பு கொடுத்து, மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து ஒவ்வொரு தகட்டையும் பிளக்கின் எர்த் பின்னோடு சோதியுங்கள். ஒரு ஓமுக்குள் இருக்க வேண்டும். தகடுகளுக்கு நடுவே பழைய பெயின்ட் தடுத்தால் அந்தத் தகட்டுக்கும் ஒரு கம்பி.

பார்க்கில் பிளக் போட்டதும், கதவைத் தொடுவதற்கு முன், மீட்டரின் ஒரு முனை கதவு ஸ்க்ரூவில், இன்னொன்று ஈரமண்ணில் குத்திய ஸ்க்ரூடிரைவரில். இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அப்புறம் காரணம் தேடுங்கள்.

வீட்டு முற்றத்தில் ட்ரெய்லருக்காக 30 ஆம்ப் பாயின்ட் போடச் சொல்லப் போகிறீர்களா? "120 வோல்ட், ஒரு பேஸ்" என்று எழுதிக் கொடுத்து, மீட்டரில் அளந்த பிறகே பிளக்கைச் சொருகுங்கள். 30 ஆம்ப் என்றதும் துணி உலர்த்தும் மெஷின் ஞாபகத்தில் 240 கொடுத்துவிடுகிற எலக்ட்ரீஷியன் எல்லா ஊரிலும் உண்டு. சொருகின நொடியில் ஏசி, சார்ஜர், மைக்ரோவேவ் எல்லாம் காலி.

சாதாரண 16 கேஜ் எக்ஸ்டென்ஷன் 50 அடியில் போய் வர 0.4 ஓம். ஓடும்போது பரவாயில்லை, ஆனால் கம்ப்ரசர் கிளம்பும்போது 30 ஆம்ப் இழுத்தால் 12 வோல்ட் அங்கேயே தொலையும். பார்க்கில் மாலை நேரம் எல்லா வண்டியிலும் ஏசி ஓடி லைனே 108-க்கு இறங்கியிருந்தால் உங்கள் கம்ப்ரசருக்கு 96-தான் கிடைக்கும். முனகிவிட்டு நின்றுவிடும். 12 கேஜ் வாங்குங்கள்.

தகரப்பெட்டி62

எல்லாருக்கும் நன்றி. கூரை வேண்டாம் என்று முடிவு. வயர் முழுக்கப் புதிது, பேனலும் புதிது.

ஐஸ்பெட்டி இடத்தை அளந்தேன்: 21 அங்குல அகலம், 22 அங்குல ஆழம், மேடைக்கு அடியில் 32 அங்குல உயரம். மூன்று சந்தேகம். குளிர்காற்று இவ்வளவு கீழே விட்டால் மேலே படுப்பவர்களுக்கு எட்டுமா? ஐஸ்பெட்டிக்குப் பதில் முன்னால் ஏ-ஃபிரேம் (காரில் மாட்டும் முக்கோண இரும்புச் சட்டம்) மேல் மினி ஸ்ப்ளிட் (உள் யூனிட், வெளி யூனிட் தனித்தனியான ஏசி) வைக்கிறார்களே, அது தேவலையா? மூன்றாவது, கிரில் வெளியே தெரிந்தால் வண்டியின் முகமே மாறிவிடும். அதனால் பழைய தகட்டையே ஒரு கதவாக வெட்டி, மேலே பியானோ கீல் (முழு நீளத்துக்கும் ஓடும் கீல்) வைத்து, நிறுத்தின பிறகு குடை மாதிரி தூக்கி விடலாம் என்று யோசிக்கிறேன். மழைக்கும் மறைப்பாக இருக்கும்.

அளவுநாடா

மினி ஸ்ப்ளிட் பற்றி நான் சொல்கிறேன். குளிர்ச்சியும் அமைதியும் அதற்கு ஈடு கிடையாது. 115 வோல்ட் 9,000 பிடியு இன்வெர்ட்டர் மெதுவாகக் கிளம்பும், சின்ன ஜெனரேட்டரே போதும். சிக்கல் குழாயில். குழாய் முனையை விரித்து நட்டால் இறுக்கும் ஃபிளேர் இணைப்பு வீட்டுச் சுவருக்காக வடிவமைத்தது, தினம் ஆடும் வண்டிக்கு அல்ல. கால் அங்குல நட்டுக்கு 13 அடி-பவுண்டு அளவில் டார்க் ரெஞ்சில் இறுக்கி, வெளி யூனிட் பக்கத்தில் குழாயை ஒரு சுற்றுச் சுற்றி விட்டு, 500 மைக்ரான் வரை வேக்கம் பிடித்தாலும், இரண்டு மூன்று சீசனில் ஒரு முறையாவது கசியும் என்று மனதைத் தேற்றிக்கொண்டுதான் வைக்க வேண்டும். ஏசி கேஸைக் கையாள 608 சான்றிதழ் (அமெரிக்க அரசின் ஏசி கேஸ் சான்று) உள்ளவர் வேண்டும். வண்டியில் பொருத்தினால் கம்பெனி வாரண்டியும் தராது. முன்னால் 60 பவுண்டு கூடும், ஹிட்ச் பாரம் (கார் கொக்கி மேல் இறங்கும் எடை) மொத்த எடையில் 10-லிருந்து 15 சதவீதத்துக்குள் நிற்கிறதா என்று மறுபடி எடை போட வேண்டும். ஓடும்போது எதிர்க்காற்று வெளி ஃபேனைச் சுழற்றிக்கொண்டே வரும், அதற்கு ஒரு உறை. உங்கள் வண்டியில் ஐஸ்பெட்டி இடம் காலியாக இருக்கும்போது இத்தனையும் எதற்கு?

ஸ்பானர்

22 ஆழம், 32 உயரம் தாராளம். 8,000-ல ஆழம் 16-லிருந்து 21 வரைக்கும் மாடலுக்கு மாடல் மாறும், 18-க்குள்ள இருக்கிறதாப் பாருங்க. பெட்டியோட ஓரத்துக்கும் ஃபோம் காலருக்கும் மிச்சம் வேணும்.

கீழே வைக்காதீங்க. தட்டை உயர்த்தி ஏசியோட தலை மேடைக்கு ஒட்டின மாதிரி வையுங்க. குளிர்காத்து முகப்போட மேல்பாதியில வரும், அது தரையிலிருந்து 28, 30 அங்குலத்துல இருக்கும். இறக்கையை முழுக்க மேல் நோக்கித் திருப்பி விடுங்க. அப்படியும் காலுக்கு 70, தலைக்கு 80 இருக்கத்தான் செய்யும், எதிர் மூலையில தரையோரமா ஒரு ஆறு அங்குல ஃபேன் மேல பாத்து வச்சா கலந்துரும். ஒண்ணு மட்டும் கவனம்: முகப்புக்கு நேரா ஆறு அங்குலத்துல பெஞ்ச் பக்கமோ திரையோ இருந்தா விட்ட குளிரே மோதித் திரும்பி கீழ் வடிகட்டிக்குள்ள போகும். அறை குளிர்ந்துடுச்சுன்னு தெர்மோஸ்டாட் நினைச்சு நிறுத்திரும். முகப்புல "வென்ட்" நெம்புகோல் இருந்தா மூடியே வையுங்க.

சுவர் ஓட்டைக்கு ரீப்பரை வெட்ட வேண்டி வந்தா, மேலயும் கீழயும் ரெட்டை ரீப்பர் குறுக்கே போட்டு, பசையும் ஸ்க்ரூவும். கிரில் விளிம்புக்கு அடியில பியூட்டைல் டேப் (பிசுபிசுன்னு ஒட்டுற ரப்பர் நாடா), ரெண்டு அங்குலத்துக்கு ஒரு ஸ்க்ரூ. மறுநாள் வெயில் ஏறினதும் திரும்ப ஒரு சுத்து இறுக்குங்க, டேப் பிதுங்கி வரும். பிதுங்கினதைப் பிளாஸ்டிக் கரண்டியால வெட்டி எடுத்துருங்க.

கதவு யோசனை நல்லாருக்கு, கீல் மட்டும் மேல வேண்டாம். குடை மாதிரி தூக்கி நிக்கிற கதவு, கிரில்லை விட்டு வெளியே வர்ற அனலைத் தடுத்துக் கீழ் பக்கமா மடக்கி விடும். கீழே என்ன இருக்கு? நீங்க காத்து எடுக்கிற தரை ஓட்டை. இத்தனை ஃபோம் ஒட்டிப் பிரிச்ச ரெண்டு பாதையையும் அந்தக் கதவு வெளியே போய்ச் சேர்த்து வச்சிரும். கீலை முன்பக்க ஓரத்துல நிமிர்ந்த வாக்குல வையுங்க. அப்ப தாழ்ப்பாள் விட்டுப் போனாலும் ஓடுற காத்து கதவைச் சாத்தித்தான் வைக்கும். பின்பக்கம் கீல் வச்சா பிச்சுக்கிட்டுப் போயிரும். நிறுத்தினதும் முழுக்க 180 டிகிரி திறந்து சுவரோட கொக்கி போட்டுருங்க. மழைக்கு கிரில்லுக்கு மேல அரை அங்குலத்துக்கு அலுமினியப் பட்டை ஒண்ணு மடிச்சு அடிச்சா போதும்.

கதவைத் திறக்காம ஏசி போடுற நாள் ஒண்ணு கட்டாயம் வரும். அதனால ஏசி பிளக்குல ஒரு சிவப்பு ரிப்பன் கட்டி, அதோட மறுமுனையை கதவுத் தாழ்ப்பாள் சாவியில மாட்டிருங்க. முடிச்சதும் பகல் ரெண்டு மணி வெயில்ல ஒரு மணி நேரம் ஓட விட்டு, ஒரு தெர்மாமீட்டரை வண்டி நிழல்லயும் இன்னொண்ணைத் தரை ஓட்டை வாயிலயும் வச்சுப் பாருங்க. வித்தியாசம் 5 டிகிரிக்குள்ள இருந்தா தகட்டை மூடலாம். அதுக்கு மேல போனா காலர்ல எங்கேயோ இடுக்கு விட்டிருக்கு. ஊதுவத்தியை ஓரம் ஓரமா கொண்டு போனா புகை உறிஞ்சப்படுற இடம் தெரிஞ்சிரும்.